பதினோரு சீட்டில் ஒரு நடுவீடு

எங்கள் அடுக்ககத்தில் 212 வீடுகள். மொட்டை மாடியில் சோலார் போடலாமா என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது முதலில் எழுந்த கேள்வி, ஒரு சாதாரண வீட்டுக்கு இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதுதான். பொருளாளர் கையில் விடை தயாராக இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் "உங்கள் கரண்ட் பில் எவ்வளவு, போடுங்கள்" என்று கேட்டிருந்தார். 30 பேர் சொச்சம் போட்டிருந்தார்கள். சராசரி 560 யூனிட். கூட்டத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். "எங்க வீட்ல 350 தாண்டினதே இல்ல சார்" என்றார் ஒருவர். இன்னொருவரும் அதையே சொன்னார். பொருளாளர் பொய் சொல்லவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

அந்த 560இல் இரண்டு கோளாறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. முதலாவது, யார் பில்லைப் போட்டார்கள் என்பது. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படி மாறி பில் எகிறும். எகிறியவர்தான் குழுவில் புலம்புவார். 250 யூனிட்காரர் வாயைத் திறக்கவே மாட்டார். இரண்டாவது, சராசரி என்ற அளவே ஒன்றிரண்டு பெரிய வீடுகளின் பக்கம் சாயக்கூடியது. முதல் கோளாறுக்கு மருந்து குலுக்கல். இரண்டாவதற்கு இடைநிலை, அதாவது ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் எண். இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன கிடைக்கும், அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

212 வீட்டு எண்களையும் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரே மாதிரி மடித்து, எவர்சில்வர் தூக்கில் போட்டுக் குலுக்கி, 11 சீட்டு எடுத்தோம். அந்த 11 வீட்டுக்கும் போய்க் கடைசி பில்லைப் பார்ப்பது என் தலையில் விழுந்தது. வந்த எண்களை ஏறுவரிசையில் எழுதினேன்: 40, 190, 230, 270, 310, 340, 390, 430, 480, 720, 1,910. நடுவில் நிற்பது ஆறாவது எண், 340. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. பள்ளியில் இடைநிலை என்று படித்தது இதைத்தான். இலங்கையில் இதற்கு இடையம் என்று பெயர்; அங்கே வெறும் 'இடை' என்றால் நம்முடைய சராசரி. அங்கிருந்து வரும் பாடநூலையோ அறிக்கையையோ புரட்டும்போது இதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

இதே 11 எண்களின் சராசரி 483. அந்த 1,910 யூனிட் வீட்டில் எல்லா அறையிலும் ஏ.சி., கீழே சார்ஜ் ஏறும் கார். நாளைக்கு அவர் இன்னொரு கார் வாங்கி 3,910 யூனிட் ஆக்கினால் சராசரி 665க்கு ஏறிவிடும். இடைநிலை 340லேயே நிற்கும். சரி, இதுவரை பாடப்புத்தகம். பொருளாளர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டார்: "பதினோரு வீட்டை வச்சு 212 வீட்டுக்கு எப்படி சார் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. மாதிரி என்று சொன்னாலே ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இழுத்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அந்த உவமையில் பாதிதான் உடன்பாடு. பானையில் இருப்பது எல்லாம் ஒரே அரிசி, ஒரே கொதி. ஊர் அப்படி இல்லை. அதில் 40 யூனிட்டும் உண்டு, 1,910 யூனிட்டும் உண்டு. பதம் பார்ப்பதைவிடக் காசு சுண்டுவதுதான் இங்கே பொருந்துகிற உவமை.

212 வீடுகளின் உண்மையான இடைநிலை என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் ஒன்று உறுதி. பாதி வீடுகள் அதற்குக் கீழே, பாதி வீடுகள் மேலே. அந்தச் சொல்லுக்கே அதுதானே பொருள். அப்படியானால் தூக்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சீட்டும் ஒரு காசு சுண்டல்: பூ விழுந்தால் இடைநிலைக்கு மேலே உள்ள வீடு, தலை விழுந்தால் கீழே உள்ள வீடு. ஐந்தே ஐந்து சீட்டு எடுக்கிறோம் என்று வையுங்கள். ஐந்தும் பூவாக விழ வாய்ப்பு 32இல் ஒன்று. ஐந்தும் தலையாக விழவும் 32இல் ஒன்று. மற்ற 30 தடவையும் சில சீட்டு மேலே, சில சீட்டு கீழே இருக்கும். அதாவது உண்மையான இடைநிலை அந்த ஐந்தில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். 32இல் 30 என்றால் 93.75 சதவீதம். ஐந்து சீட்டுக்கு!

இந்தக் கணக்கில் எதையெல்லாம் கேட்கவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிப்பேன். அளப்பது யூனிட்டா ரூபாயா உயரமா என்று கேட்கவில்லை. பரவல் மணி வடிவமா (நடுவில் கூட்டம், இரு பக்கமும் சீராகக் குறைவு), ஒரு பக்கம் வால் நீண்டதா (சிலர் மட்டும் வெகுதூரம் தள்ளி) என்று கேட்கவில்லை. மொத்தம் 212 வீடா இரண்டு கோடி வீடா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு வீட்டுக்கும் சமவாய்ப்பு கொடுத்துக் குலுக்கினாயா?

இடைநிலை மாட்டிக்கொள்ளும் இந்த இடைவெளியை வலை என்று வைத்துக்கொண்டால், ஐந்து சீட்டில் கிடைக்கும் வலை மிக அகலம். 11 சீட்டு என்றால் இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு எண்களைத் தள்ளிவிட்டு, மூன்றாவதிலிருந்து ஒன்பதாவது வரை எடுத்துக்கொள்ளலாம். இது எப்போது பொய்க்கும்? 11 காசில் பூ இரண்டுக்கு மேல் விழாமல் போனால், அல்லது தலை இரண்டுக்கு மேல் விழாமல் போனால். 11 காசுகள் விழக்கூடிய விதங்கள் 2,048. அவற்றில் பூ ஒன்றுமே இல்லாதது 1, ஒரே ஒரு பூ 11, இரண்டு பூ 55; ஆக 67. தலைக்கும் அதே 67. மொத்தம் 134, அதாவது 6.5 சதவீதம். மீதி 93.5 சதவீதம் வலை பிடிக்கும். எங்கள் வரிசையில் மூன்றாவது 230, ஒன்பதாவது 480. "நடுவீடு 230க்கும் 480க்கும் இடையில், 340 என்பது நம் மதிப்பீடு" என்று பொருளாளரிடம் சொன்னேன். இப்படி நூறு தடவை சீட்டு எடுத்து நூறு தடவை வலை வீசினால் 93, 94 தடவை மீன் உள்ளே இருக்கும். இது எந்தத் தடவை என்று எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். மேல் ஓரமே 500க்குக் கீழே இருப்பதால் அவருடைய 560 கொஞ்சம் ஆட்டம் கண்டது.

சீட்டு எண்ணிக்கை ஏற ஏற வலை எப்படிச் சுருங்கும் என்பதற்கும் கைக்கணக்கு உண்டு. மாதிரியின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, அவ்வளவு இடம் நடுவிலிருந்து இரு பக்கமும் நகர வேண்டும்; சுமார் 95 சதவீத உறுதி கிடைக்கும். 100 பேர் என்றால் வர்க்கமூலம் 10: வரிசையில் 40ஆவதிலிருந்து 61ஆவது வரை. 400 பேர் என்றால் 180இலிருந்து 221. 2,500 பேர் என்றால் ஏறத்தாழ 1,200இலிருந்து 1,301. எந்த வரிசை எண்களைப் பார்க்கப் போகிறோம் என்பது களத்தில் கால் வைக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் எத்தனை ரூபாய் நிற்கிறது என்பது மட்டும் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த ரூபாய்க் கணக்குக்கு நாட்டளவில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை தேசிய மாதிரி ஆய்வு நடத்திய குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 2,61,746 குடும்பங்களைக் கேட்டார்கள். கிராமப்புறத்தில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக 3,773 ரூபாய் என்று செய்திகளில் வந்தது (இலவசமாகக் கிடைத்த பொருட்களின் மதிப்பைச் சேர்க்காமல்). அந்த அறிக்கைக்குள்ளேயே இன்னொரு அட்டவணை உண்டு. மக்களைச் செலவு வரிசையில் நிறுத்தி, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் சராசரி போட்டிருப்பார்கள். கீழிருந்து 40 முதல் 50 சதவீதம் வரை நிற்கிறவர்களுக்கு 3,094 ரூபாய். 50 முதல் 60 வரை 3,455. இடைநிலை மனிதர் இந்த இரண்டு துண்டும் தொட்டுக்கொள்ளும் கோட்டில் நிற்கிறார். என் கணக்குக்கு 3,270 ரூபாய் பக்கம். சராசரி அவரைவிட 500 ரூபாய் மேலே. கிராமத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் 'சராசரி'க்குக் கீழே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உச்சியில் உள்ள 5 சதவீதத்தின் செலவு 10,501 ரூபாய். அவர்களுக்கு அடுத்த கீழ்த் துண்டு 6,638 ரூபாய். அடியில் உள்ள 5 சதவீதம் 1,373. கீழே இறங்க இடம் இல்லை, மேலே ஏற வானம் வரை இடம் இருக்கிறது.

இந்த அட்டவணையை வைத்து வலையின் அகலத்தை ரூபாயில் அளக்கலாம். நடுவில், 3,094க்கும் 3,455க்கும் இடையே உள்ள 361 ரூபாய் அகலத்துக்குள் சுமார் 10 சதவீத மக்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒரு சதவீதத்துக்கு 36 ரூபாய். குலுக்கி எடுத்த 100 பேரைக் கேட்டால் பிழை இரு பக்கமும் 10 சதவீத இடம், அதாவது ஏறத்தாழ 360 ரூபாய். 2,500 பேரைக் கேட்டால் 2 சதவீத இடம், 72 ரூபாய். நடுவில் கூட்டம் நெருக்கமாக இருப்பதால் இடைநிலை இவ்வளவு சுலபமாகப் பிடிபடுகிறது. உச்சிப் பக்கம் ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். அங்கே, மேலிருந்து 5 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று கேட்டால் ஒரு சதவீதப் பிசகு பல நூறு ரூபாய்ப் பிசகாகும். நடுவே காலியாக இருந்தாலும் இதே தொல்லைதான். பாதிப் பேர் கூலிக்காரர், பாதிப் பேர் தோட்ட முதலாளி, நடுவில் யாருமில்லை என்ற ஊரில் இடைநிலை அந்தக் காலி இடத்தில் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். அப்படிப்பட்ட ஊருக்கு இடைநிலையே தப்பான கேள்வி என்பது என் கட்சி.

இங்கே சராசரிக்கு ஒரு நியாயம் பேசியாக வேண்டும். மனிதர்களின் உயரம் மாதிரி, மணி வடிவில் சீராகப் பரவும் விஷயங்களில் சராசரிதான் சிக்கனம். 100 பேரை அளந்து கிடைக்கும் சராசரிக்கு உள்ள துல்லியத்தை இடைநிலையில் எட்ட 157 பேரை அளக்க வேண்டும்; வட்டக் கணக்கில் வரும் π (3.14) என்ற எண்ணில் பாதி, 1.57, என்பதிலிருந்து வருகிற எண் அது. பணம், நிலம், கரண்ட் பில் என்று வால் நீண்ட விஷயங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகப் புரண்டுவிடக்கூடும்.

அப்புறம், கதவைத் திறக்காதவர்கள்.

எங்கள் 11 வீட்டில் மூன்று பூட்டிக் கிடந்தன. முதல் நாள் சாயங்காலம் எட்டு பில்தான் கையில். "பக்கத்து வீட்ல கேட்டுக்கலாமே" என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்டிருந்தால் குலுக்கல் அந்த இடத்திலேயே செத்திருக்கும். பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது. ஆள் இருக்கிற வீட்டில் விசிறி ஓடுகிறது. ஒரு வாரம் அலைந்து, இரண்டு வீட்டைத் தொலைபேசியில் பிடித்து, ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலையில் மடக்கி மூன்றையும் வாங்கினேன். 40, 190, 310. மூன்றுமே கீழ்ப் பக்கம். இவற்றை விட்டுவிட்டு மீதி எட்டுக்கு மட்டும் இடைநிலை பார்த்தால் 410 வந்திருக்கும். காசுக் கணக்கில் இந்தப் பிழை எங்கேயும் தெரியாது. 93.5 என்பது குலுக்கலின் அதிர்ஷ்டத்தை மட்டும் அளக்கிறது. பூட்டிய கதவை அளப்பதில்லை.

நாட்டளவில் கதவு பூட்டுவது பெரும்பாலும் மறுமுனையில். காவலாளி வைத்த வளாகங்களுக்குள் கணக்கெடுப்பாளர் நுழைவதே பெரும்பாடு. மேலே சொன்ன கிராம அட்டவணையில் உச்சி 5 சதவீதம் ஒருவர்கூடப் பிடிபடவில்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரி 3,773இலிருந்து 3,419க்கு விழுகிறது, 354 ரூபாய் இறக்கம். இடைநிலையோ 50ஆவது இடத்திலிருந்து 47.5ஆவது இடத்துக்கு நகர்கிறது; இடத்துக்கு 36 ரூபாய் வீதம் 90 ரூபாய்தான். பணக்காரர் எத்தனை பேர் என்பது தெரிந்தால் இடைநிலைக்குப் போதும், அவர்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பது வேண்டாம். வால் நீண்ட பொருளுக்கு ஆய்வுக்காரர்கள் இடைநிலையை விரும்ப இதுவே பெரிய காரணம்.

இதைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோவதில் இலங்கை நம்மைவிடத் தெளிவு. அங்கே தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் குடும்ப வருமான, செலவு ஆய்வு சராசரியையும் இடைநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. 2016இல் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் சராசரி 62,237 ரூபாய், இடைநிலை 43,511. 2019இல், 25,000 வீடுகளைத் தேர்ந்து நடத்திய ஆய்வில், சராசரி 76,414, இடைநிலை 53,333. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 18 ஆயிரத்து சொச்சத்திலிருந்து 23 ஆயிரமாகியிருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எண்களே காட்டுகின்றன. நம் ஆய்வில் கேட்பது வருமானம் அல்ல, செலவு. அதனால் இந்த இரண்டு நாட்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

நிஜ ஆய்வுகள் எவையும் தூக்கில் சீட்டுப் போட்டு எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன இந்திய ஆய்வில் முதலில் ஊர்களையும் நகர வட்டாரங்களையும் தேர்ந்தார்கள்: 8,723 கிராமங்கள், 6,115 நகர வட்டாரங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் 18 வீடுகள். நகரத்தில் கார் வைத்திருக்கிற வீடுகளைத் தனிப் பட்டியலாகப் பிரித்துக்கொண்டு அதிலிருந்தும் எடுத்தார்கள். இல்லாவிட்டால் வசதியானவர்கள் குலுக்கலில் விழாமலே போய்விடக்கூடும். இப்படிச் செய்யும்போது எல்லா வீட்டுக்கும் சமவாய்ப்பு போய்விடுகிறது. ஒரு வீடு 500 வீடுகளுக்காகப் பேசும், இன்னொன்று 2,000 வீடுகளுக்காக. ஆகவே இடைநிலை காண வீடுகளை வரிசையாக நிறுத்தி நடு வீட்டைத் தொட்டால் போதாது. ஒவ்வொரு வீட்டின் எடையையும் (அது எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்ற எண்) அதில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, கீழிருந்து கூட்டிக்கொண்டே போய், மொத்த எடையில் பாதி எங்கே நிறைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

இன்னொரு சங்கடம், ஒரே ஊரின் 18 வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். மழை பொய்த்தால் 18க்கும் பொய்க்கும். 18 காசுகள் சுண்டியதுபோல் தோன்றினாலும் உண்மையில் நாலைந்து காசு சுண்டியதாகவே இருக்கலாம். வர்க்கமூலக் கைக்கணக்கை அப்படியே போட்டால் வலையின் அகலம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

பிழையை அப்போது எப்படி அளப்பது? கொல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி. மஹலநோபிஸ், வங்காளத்துச் சணல் பரப்பை 1937 முதல் மாதிரி எடுத்து மதிப்பிட்ட காலத்திலேயே இதில் கை நனைத்தவர். அவர் வழி முரட்டு எளிமை. ஒரே பகுதியில் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு மாதிரிகளை எடு. இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பு. இரண்டும் தனித்தனியே விடை சொல்லட்டும். விடைகள் எவ்வளவு விலகுகின்றனவோ அதுதான் உன் பிழையின் அளவு. இதில் குலுக்கலின் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை, குழுவுக்குக் குழு மாறும் அலட்சியமும் கணக்கில் வந்துவிடுகிறது; சூத்திரம் தராத லாபம் அது. 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியபோது இந்தப் பழக்கமும் கூடவே வந்தது. மக்களைச் செலவு வரிசையில் நிறுத்திச் சம துண்டுகளாக வெட்டி, இரண்டு மாதிரிகளுக்கும் இரண்டு கோடு வரைந்து, கோடுகளுக்கு இடையே உள்ள பரப்பைப் பிழையாகப் படிக்கும் முறையையும் அவரே 1960இல் எழுதினார். நான் மேலே பயன்படுத்திய அட்டவணை அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இன்றைக்குக் கணினி இருக்கிறது. கிடைத்த மாதிரியிலிருந்தே திரும்பத் திரும்ப, எடுத்ததைப் போட்டுப் போட்டு, ஆயிரம் மாதிரி எடுத்து ஆயிரம் இடைநிலை கண்டு அவை எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்கலாம். 1979இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் பிராட்லி எஃப்ரான் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் முறை இது. அதற்கு முந்திய, ஒவ்வொரு எண்ணாக நீக்கிப் பார்க்கும் ஜாக்நைஃப் முறை சராசரிக்கு நன்றாகவே வேலை செய்யும், இடைநிலையில் சறுக்கிவிடும். எங்கள் 11 எண்களில் எதை நீக்கினாலும் இடைநிலை 325, 350, 365 என்ற மூன்று விடைகளில் ஒன்றாகத்தான் வரும். சிதறலை அளக்க அது போதாது.

எங்கள் பொருளாளருக்கு இவ்வளவும் தேவைப்படவில்லை. அவர் 340ஐ ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கையோடு கைப்பேசியை எடுத்து 340ஐ 212ஆல் பெருக்கி, "ஆக, மொத்தம் 72,080 யூனிட். இதுக்குத்தான் பேனல் போடணும்" என்றார்.

அங்கேதான் நான் மறுபடி எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. இடைநிலையை வீட்டு எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வராது. மொத்தத்துக்குச் சராசரிதான் வேண்டும், அந்த 1,910ஐயும் சேர்த்து. சராசரி 483 என்று என் தாளில் இருந்தது. பெருக்கினால் ஒரு லட்சத்துக்கு மேல். ஆனால் அந்த 483இல் 174 யூனிட் ஒரே வீட்டிலிருந்து வருவது. சீட்டு எடுத்த கை அந்த ஒரு சீட்டைத் தொடாமல் போயிருந்தால், மீதிப் பத்தின் சராசரி 340 என்று வந்திருக்கும். நடுவீட்டைச் சொல்லப் போதுமாக இருந்த 11 சீட்டு, மொத்தத்தைச் சொல்லப் போதவே போதாது. தூக்கில் இன்னும் 201 சீட்டு இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை 40 எடுப்பது என்று முடிவாகியிருக்கிறது, வீடு வீடாகப் போவதற்கு இந்தத் தடவை வேறு ஆள்.